முன்பின் தெரியாத மச்சான்!

முத்துக் குளிக்கப் போகிறவர், மேலே தோணியில் கயிற்றைப் பிடித்துக்கொள்ள யாரை நிறுத்துவார் தெரியுமா? மச்சானை!

நம்ம கடற்கரைப் பக்கம் சொல்கிற கதை இது. கீழே போனவர் கயிற்றை ஓர் அசை அசைத்தால் உடனே மேலே இழுக்க வேண்டும். கொஞ்சம் லேட் ஆனாலும் ஆள் காலி. கூடப் பிறந்த அண்ணன், தம்பியை நிறுத்தினால், சொத்தில் பங்கு கூடுமே என்று கணக்குப் போட்டு மெதுவாக இழுத்தாலும் இழுப்பார்களாம். ஆனால் மச்சான்? சொந்த அக்கா தாலியாச்சே என்று அலறியடித்துக்கொண்டு இழுப்பான். கதை நிஜமோ இல்லையோ... லாஜிக் பக்கா!

இப்போ உங்களுக்கு ஒரு கேள்வி. மச்சானும் இல்லை, மாமனும் இல்லை. தலைக்கு மேலே பாறை. மூச்சு முட்டினால் நேராக மேலே வர வழியே கிடையாது. அப்படி ஒரு தண்ணீர்க் குகைக்குள், அரை மணி நேரத்துக்கு முன்னால் அறிமுகமான ஒருவருடன் இறங்க வேண்டும். இறங்குவீங்களா?

இந்தக் கேள்விக்கு வார இறுதிதோறும் பதில் தேடுகிற ஊர் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் உள்ள ஹை ஸ்பிரிங்ஸ். நானும் அங்கே போனதில்லை பாஸ். குகை வரைபடங்களும், டைவர்களின் அனுபவக் குறிப்புகளும்தான் என் பாஸ்போர்ட். அதனால் இது ஒரு கற்பனைப் பயணம். குகையும் விதிகளும் மட்டும் அக்மார்க் நிஜம். விசா வேண்டாம், டிக்கெட் வேண்டாம். வாங்க, சேர்ந்தே போயிட்டு வரலாம்!

டியூப் ஒரு பக்கம்... டியூட்டி ஒரு பக்கம்!

ஃப்ளோரிடா என்றதும் மியாமி பீச்சும் டிஸ்னி வேர்ல்டும் ஞாபகம் வந்தால், அந்தப் படத்தை அழித்துவிடுங்கள். நாம் வந்திருப்பது மாநிலத்தின் வடக்குப் பகுதி. ஓக் மரங்கள், அவற்றிலிருந்து தாடி மாதிரி தொங்கும் பாசி, மண் ரோடு. ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் இருக்கும் கெய்ன்ஸ்வில்லில் இருந்து சுமார் 35 கிலோமீட்டர் வந்தால் ஹை ஸ்பிரிங்ஸ். அங்கிருந்து மேற்கே இன்னும் பத்து கிலோமீட்டர் போனால் ஜின்னி ஸ்பிரிங்ஸ். சான்டா ஃபே ஆற்றங்கரையில், தனியாருக்குச் சொந்தமான முகாம் இடம்.

இந்த மாநிலமே பெரிய சுண்ணாம்புப் பாறை ஒன்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது. லேசான அமிலத்தன்மை கொண்ட மழைநீர் உள்ளே இறங்கி, காலகாலமாகப் பாறையைக் கரைத்துக் கரைத்து, பூமிக்கு அடியில் சுரங்கப் பாதைகள் போட்டிருக்கிறது. அந்தத் தண்ணீர் வெளியே வருகிற வாசல்கள்தான் ஊற்றுகள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊற்றுகள் ஃப்ளோரிடாவில் உண்டு. ஜின்னியில் கோடையோ குளிரோ, தண்ணீர் எப்போதும் 22 டிகிரி செல்சியஸ்தான். கண்ணாடி தோற்கும் தெளிவு. அடியில் கிடக்கும் காசு தலையா, பூவா என்றுகூடச் சொல்லிவிடலாம் போல இருக்கும்.

சனி, ஞாயிறு வந்தால் காலேஜ் கும்பல் மொத்தமும் இங்கேதான். ரப்பர் டியூபில் படுத்துக்கொண்டு, பாட்டுப் போட்டபடி ஆற்றோடு மிதந்து போவார்கள். அவர்களுக்குச் சில அடி தள்ளி, மர மேஜைகளில் இன்னொரு கும்பல். சத்தமே இல்லை. இரட்டை சிலிண்டர், சுருட்டிய கயிறு, ஆளுக்கு மூன்று டார்ச் என்று ஏதோ ஆபரேஷன் தியேட்டருக்குத் தயாராகிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குகிறார்கள். அவர்கள் டியூப் பார்ட்டிக்கு வரவில்லை. டெவில்ஸ் குகைக்கு வந்திருக்கிறார்கள்.

சாத்தானின் கண், சாத்தானின் காது என்றுதான் வாசல்களுக்கே பெயர். 'கண்' என்பது கிணறு மாதிரி வட்டமான குழி. 'காது' ஆற்றின் ஓரத்தில் இருக்கிறது. ஆற்றுத் தண்ணீர் டீ டிகாக்ஷன் நிறம். ஊற்றுத் தண்ணீர் பளிங்கு. இரண்டும் சந்திக்கிற இடத்தைக் கீழே இருந்து அண்ணாந்து பார்த்தால், சூரியனே ஆரஞ்சு ஜூஸில் விழுந்த மாதிரி தெரியும். உள்ளே அளந்து வரைந்த பாதைகள் மட்டும் கிட்டத்தட்ட 9 கிலோமீட்டர். ஆழம் 30 மீட்டர் வாக்கில்.

வாசலில் ஒரு போர்டு. அரிவாள் பிடித்த எலும்புக்கூடு படம் போட்டு, 'நில்!' என்கிறது. டைவிங் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர்கள் உட்பட முந்நூறு பேருக்கு மேல் இந்த மாதிரிக் குகைகளில் செத்திருக்கிறார்கள் என்றும், உயிரைக் கொடுத்துப் பார்க்கும் அளவுக்கு உள்ளே ஒன்றுமே இல்லை என்றும் பச்சையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். சாதாரண ஸ்கூபா லைசென்ஸ் மட்டும் இருந்தால், இந்த வாசல் பக்கம் டார்ச் எடுத்துக்கொண்டு போகவே அனுமதி கிடையாது. வெளிச்சம் கையில் இருந்தால்தானே உள்ளே எட்டிப் பார்க்கிற ஆசை வரும்? சூப்பர் ஐடியா, இல்ல?

இன்ஸ்டன்ட் பட்டி!

நீங்கள் குகை டைவிங் முழுப் பயிற்சி முடித்தவர் என்று வைத்துக்கொள்வோம். காசு சேர்த்து, லீவு போட்டு, பாதி உலகம் சுற்றி வந்தாச்சு. வந்த இடத்தில், கூட வந்த நண்பனுக்குச் சளி. மூக்கு அடைத்தால் காதில் அழுத்தம் சமன் ஆகாது. டைவ் கேன்சல்.

மேஜையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். பக்கத்து மேஜையில் ஒரு தொப்பிக்காரர். ஐம்பது வயது இருக்கும். அவர் பார்ட்னரும் வரவில்லை.

"ஆள் இல்லையா? எனக்கும் இல்ல. சேர்ந்து போலாமா?"

இந்த மாதிரி திடீர் பார்ட்னருக்கு டைவர்கள் வைத்திருக்கும் பெயர், இன்ஸ்டா பட்டி. (உசிலம்பட்டி, ஆண்டிப்பட்டி எல்லாம் இல்லீங்க... கூட வர்ற தோழர்!) இன்ஸ்டன்ட் காபி மாதிரி, வெந்நீர் ஊத்தினா ரெடி.

உங்கள் மூளை என்ன சொல்லும்? 'இவ்ளோ தூரம் வந்தாச்சு. ஆளும் பார்க்க நல்லவராத்தான் இருக்கார். நம்மைவிட சீனியர். அவரை நிக்க வச்சு கேள்வி கேட்டா நல்லாவா இருக்கும்?'

இந்தக் கடைசி வரியில்தான் வில்லனே ஒளிந்திருக்கிறான்!

கணக்கு வாத்தியார் போட்ட ரூல்ஸ்

ஷெக் எக்ஸ்லி என்று ஒரு மனிதர். பிழைப்புக்கு ஃப்ளோரிடாவில் பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார். மற்ற நேரமெல்லாம் குகைக்குள். 1970-களின் கடைசியில் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். குகைகளில் நடந்த சாவுகளை ஒவ்வொன்றாக எடுத்து, 'இங்கே என்ன தப்பு நடந்தது?' என்று கணக்கு நோட்டில் சிவப்பு மை அடிக்கிற மாதிரி அடித்துக் காட்டினார். திரும்பத் திரும்ப அதே தப்புகள். வெளியே வரை நீளும் கயிறு இல்லை. திரும்பி வரக் காற்றை மிச்சம் வைக்கவில்லை. தாங்காத ஆழத்துக்குப் போனார்கள். இந்த ஆராய்ச்சியின் வழியில், பின்னாளில் இரண்டு விஷயங்கள் சேர்ந்தன. ஒன்று, முறையான பயிற்சி. இரண்டு, ஆளுக்கு மூன்று விளக்கு. பயிற்சி, கயிறு, காற்று, ஆழம், விளக்கு என்கிற இந்த ஐந்தையும்தான் உலகம் முழுக்க இன்றைக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

(எக்ஸ்லியே 1994 ஏப்ரலில், மெக்ஸிகோவின் சகட்டோன் என்ற ஆழ்கிணற்றில், மிக ஆழத்துக்குப் போன டைவ் ஒன்றில் இறந்துபோனார். வயது 45. தண்ணீர் யாருக்கும் சலுகை காட்டுவதில்லை.)

அந்த ஐந்தில் 'நல்ல நண்பன்' என்று ஒரு விதி இல்லை, கவனிச்சீங்களா? ஏனென்றால் அந்த ஐந்தும் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய விஷயங்கள். நட்பைச் சரிபார்க்கிற மீட்டர் எந்தக் கடையிலும் கிடைக்காது.

இன்டர்வியூ எடுங்க பாஸ்!

ஆகவே, தொப்பிக்காரரிடம் கேள்வி கேளுங்கள். கேம்பஸ் இன்டர்வியூவில் நம்மை வறுத்தெடுப்பார்களே... அது மாதிரி, ஆனால் மரியாதையாக.

"எந்த லெவல் வரைக்கும் பயிற்சி முடிச்சிருக்கீங்க? கார்டு பார்க்கலாமா?" குகை டைவிங்கில் படிகள் உண்டு. வாசல் வெளிச்சம் தெரிகிற தூரம் வரை முதல் படி. அப்புறம் ஆரம்பநிலைக் குகை. கடைசியில் முழுக் குகை. இரண்டு பேரில் யாருக்குக் கம்மியோ, அவர் படிதான் இன்றைக்கு இருவருக்கும் எல்லை.

"கடைசியா எப்போ குகைல டைவ் பண்ணினீங்க? எந்தக் குகை?" இது முக்கியம். ஜின்னியில் தண்ணீர் உள்ளேயிருந்து வேகமாகத் தள்ளும். பாறையைப் பிடித்து இழுத்து இழுத்துத்தான் முன்னேற வேண்டும். இங்கிருந்து வண்டியில் ஒரு மணி நேரத்துக்குள் இருக்கும் பீகாக் ஸ்பிரிங்ஸ் அப்படியே உல்டா. ஓட்டம் குறைவு. துடுப்பை ஒருமுறை தப்பாக உதைத்தால் அடியில் கிடக்கும் வண்டல் கிளம்பி, கண்ணுக்கு எட்டின தூரம் பால் கலந்த காபி. ஒன்றில் கில்லாடி என்பதால் இன்னொன்றிலும் கில்லாடி என்று அர்த்தம் இல்லை.

"இன்னிக்கு உள்ளே போய் என்ன பண்ணணும்னு ஆசை?" ஒருவர் போட்டோ எடுக்க நின்று நின்று போவார். இன்னொருவர் தூரத்தை எட்டிப் பிடிக்கத் துடிப்பார். ரெண்டு பேரும் சேர்ந்து போனால், பாதி வழியில் ஒருத்தருக்கு எரிச்சல். தண்ணீருக்கு அடியில் எரிச்சல் வந்தால் மூச்சு வேகமாகும். மூச்சு வேகமானால் காற்று சீக்கிரம் தீரும்.

"கடைசியா எப்போ ஒரு டைவை பாதியில நிறுத்தித் திரும்பினீங்க?" இந்தக் கேள்விதான் டாப். 'போன மாசம்கூட. மனசுக்குச் சரியாப் படல. திரும்பிட்டேன்' என்று சொன்னால் நம்பிக்கையாக ஒரு டிக் போடுங்கள். 'நானா? திரும்பறதா? சான்ஸே இல்ல!' என்றால்... உங்கள் பையை மெதுவாக மூடத் தொடங்குங்கள்.

இன்னும் சில சிவப்பு விளக்குகள்: 'இந்தக் குகை எனக்கு வீடு மாதிரி, கயிறெல்லாம் எதுக்கு?' 'ஒத்திகை எல்லாம் புதுசா கத்துக்கறவங்களுக்குத்தான்.' 'கார்டு வீட்ல இருக்கு.' இதில் ஒன்று காதில் விழுந்தாலும், எவ்வளவு அன்பான மனிதராக இருந்தாலும் சரி... கும்பிடு போட்டுவிட்டு டியூப் கும்பலோடு மிதக்கப் போய்விடலாம்.

இன்னொன்று. அவரும் உங்களை இதே கேள்விகளைக் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அதுவே ஒரு பதில்தான். உங்களை விசாரிக்காமல் உங்களோடு இறங்கத் தயாராக இருப்பவர், நாளைக்கு யாரோடும் இறங்குவார்.

420 லிட்டர் துண்டு!

குகை டைவிங்கில் காற்றுக்கு ஒரு தங்க விதி உண்டு. மூன்றில் ஒரு பங்கு உள்ளே போக, ஒரு பங்கு வெளியே வர, ஒரு பங்கு ஆபத்துக்கு. கேட்க எளிது. ஆனால், முன்பின் பழகாத இருவர் சேர்ந்தால் இந்த விதியே காலை வாரும். எப்படி? கால்குலேட்டரை எடுங்க.

(அமெரிக்காவில் பிஎஸ்ஐ, கன அடியில் பேசுவார்கள். நமக்கு லிட்டரும் பாரும் போதும்.) உங்கள் முதுகில் 12 லிட்டர் சிலிண்டர் இரண்டு. மொத்தம் 24 லிட்டர். 210 பார் அழுத்தத்தில் நிரப்பினால், 24 x 210 = 5,040 லிட்டர் காற்று. அதில் மூன்றில் ஒரு பங்கு 1,680.

தொப்பிக்காரர் ஆள் வாட்டசாட்டம். 15 லிட்டர் சிலிண்டர் இரண்டு. 30 x 210 = 6,300 லிட்டர். மூன்றில் ஒரு பங்கு 2,100. உங்களைவிட அதிகமாக மூச்சு இழுப்பவர். ஆக, இருவரும் ஒரே இடத்தில் அவரவர் மூன்றில் ஒரு பங்கை முடிக்கிறீர்கள். சரியாக அந்த இடத்தில் அவருடைய ரெகுலேட்டர் மக்கர் செய்து, மொத்தக் காற்றும் போய்விடுகிறது.

இப்போது இருவரும் உங்கள் காற்றில்தான் வெளியே வர வேண்டும். உங்களுக்கு 1,680, அவருக்கு 2,100. தேவை 3,780 லிட்டர். உங்களிடம் மிச்சம் இருப்பது 3,360. துண்டு விழுவது 420 லிட்டர்!

பரீட்சையில் நாலு மார்க் குறைந்தால் அரியர். இங்கே 420 லிட்டர் குறைந்தால், இரண்டு பேரில் ஒருவர் வீடு திரும்ப மாட்டார். ஜின்னியில் நீரோட்டம் வெளியே தள்ளிவிட்டு உதவலாம்தான். ஆனால் பதற்றத்தில் மூச்சு எவ்வளவு ஏறும் என்று யாருக்குத் தெரியும்? ஓட்டம் உள்நோக்கி இழுக்கிற குகையாக இருந்தால், கேட்கவே வேண்டாம். அங்கே மூன்றில் ஒரு பங்கு விதியே போதாது.

தீர்வு? யாரிடம் காற்று கம்மியோ, அவருடைய மூன்றில் ஒரு பங்குதான் இருவருக்கும் எல்லை. தொப்பிக்காரர் 2,100-க்குப் பதில் 1,680 லிட்டரிலேயே திரும்ப வேண்டும். அதாவது 70 பார் அல்ல, 56 பார் செலவானதும். அந்த நேரத்தில் நீங்கள் சுவாசித்திருப்பது 1,344 லிட்டர். மிச்சம் 3,696. இருவரும் வெளியே வரத் தேவை 3,024. தப்பிச்சோம்டா சாமி!

ரோஜா மலரே என்று சேர்ந்து பாடுகிற உயிர் நண்பர்கள் பல சமயம் இந்தக் கணக்கைப் போடாமலே இறங்கிவிடுவார்கள். 'அவன் எவ்ளோ இழுப்பான்னு எனக்குத் தெரியாதா?' என்ற தெனாவட்டு. போன வருஷம் தெரியும். நேற்று ராத்திரி தூங்காமல் வந்திருக்கிறானே, இன்றைக்குத் தெரியுமா? புது ஆள் என்பதால்தான் கணக்கைப் போடுகிறோம், கார்டைப் பார்க்கிறோம், டார்ச்சை எண்ணுகிறோம். பழகியவனிடம் நம்பிக்கை என்ற பெயரில் இதையெல்லாம் விட்டுவிடுகிறோம். இப்போ சொல்லுங்க... எது ஆபத்து?

கட்டை விரல் ரகசியம்

கேள்விகள் ஓவர். நல்ல பதில்கள். இறங்கலாம். ஆனால் உடனே குகைக்குள் இல்லை. முதலில் திறந்த ஊற்றில், ஆழம் குறைந்த இடத்தில் ஒத்திகை. ஒருவர் உபகரணத்தில் இன்னொருவர் காற்றுக் குமிழி கசிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு, 'காற்று தீர்ந்துவிட்டது' என்று சைகை காட்டினால் மற்றவர் தன் வாயில் இருக்கும் ரெகுலேட்டரையே எடுத்து நீட்ட வேண்டும். அதன் குழாய் ஏழு அடி நீளம். ஏன் அவ்வளவு? குறுகலான பாதையில் பக்கத்தில் பக்கத்தில் நீந்த முடியாதே. ஒருவர் பின்னால் ஒருவராக, ஒரே காற்றைக் குடித்துக்கொண்டு வெளியே வரத்தான்.

பிறகு பாஷை. டார்ச்சால் மெதுவாக வட்டம் போட்டால் 'ஓகே'. படபடவென்று வீசினால் 'ஆபத்து'. ஒன்றுமே தெரியாமல் கலங்கிவிட்டால், ஒரு கை கயிற்றில், ஒரு கை முன்னால் போகிறவர் மேல். தள்ளினால் போ, அழுத்தினால் நில். ஆங்கிலம் வேண்டாம், தமிழ் வேண்டாம். தொட்டால் போதும்.

எல்லாவற்றிலும் பெரிய சைகை, கட்டை விரல். மேலே தூக்கிக் காட்டினால் நமக்கு 'சூப்பர்'. அங்கே அதற்கு, 'போதும். டைவ் முடிந்தது. வெளியே போவோம்' என்று அர்த்தம். காட்டினால், எதிரே இருப்பவரும் அதே விரலைக் காட்டித் திரும்பியே ஆக வேண்டும். யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், எந்தக் காரணத்துக்காகவும் காட்டலாம். அப்பீல் கிடையாது. ஏன் என்ற கேள்வியும் கிடையாது. பயமாக இருக்கிறது என்பதே போதுமான காரணம்.

முதல் டைவ் என்பதால் இன்னொரு ஒப்பந்தமும் போடுகிறீர்கள். மூன்றில் ஒரு பங்குகூட வேண்டாம், ஆறில் ஒரு பங்கு காற்றோடு திரும்பலாம். குறைந்த தூரம். கிளை வழிகளில் நுழையக் கூடாது. புது ஆளோடு போகும் முதல் டைவ், குகையைப் பார்க்க அல்ல. ஆளைப் பார்க்க!

உள்ளே...

தொப்பிக்காரர் 'காது' வழியாக முன்னால் போகிறார். வெளியே திறந்த தண்ணீரில் ஒரு முடிச்சு. உள்ளே நுழைந்ததும் இன்னொரு முடிச்சு. கையில் இருக்கும் ரீலில் இருந்து கயிறு விட்டுக்கொண்டே போகிறார். உள்ளே நிரந்தரமாகக் கட்டிய தங்க நிறக் கயிறு உண்டு. ஆனால், அது வாசலிலேயே தொடங்காது. பயிற்சி இல்லாதவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விடக் கூடாது என்பதற்காகத் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். அதுவரை நம்ம கயிறு. முதலில் போகிறவர்தான் கடைசியில் வருவார், கயிற்றைச் சுற்றிக்கொண்டே. அதாவது ஆபத்து என்றால் நீங்கள் வாசலுக்குப் பக்கம், அவர் உங்களுக்குப் பின்னால்.

தண்ணீர் முகத்தில் அறைகிறது. பாறையைப் பிடித்து ஓர் இழுப்பு, அடுத்த பிடி, இன்னோர் இழுப்பு. 'கேலரி' என்று அழைக்கப்படும் பகுதி. டார்ச் வெளிச்சத்தில் வெண்ணெய் நிறச் சுவர்கள். கயிற்றில் சின்ன பிளாஸ்டிக் அம்புக்குறி. அருகில் இருக்கும் வாசல் எந்தப் பக்கம் என்று அது காட்டும். வெளியே போக வேண்டும் என்றால் அம்பு சொல்கிற பக்கம் போ. அவ்வளவுதான். அழகு என்றால் அப்படி ஓர் அழகு!

அப்போதுதான் உங்களுக்குள் ஏதோ ஒன்று. டார்ச் எரிகிறது. காற்று இருக்கிறது. ரெகுலேட்டர் சரி. ஆனால் மூச்சு கொஞ்சம் வேகம். பயணக் களைப்பா? நீரோட்டமா? காரணம் தெரியவில்லை. மனசு கணக்குப் போடுகிறது. 'பாதி உலகம் தாண்டி வந்திருக்கோம். அஞ்சு நிமிஷம்கூட ஆகல. இந்த மனுஷனோட டைவையும் கெடுக்கணுமா? என்ன நினைப்பார்?'

முடிவு உங்கள் கட்டை விரலில்.

தாய்லாந்தில் நடந்தது

அந்த விரலை அப்படியே நிறுத்தி வையுங்கள். ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக்.

2018 ஜூன் 23. தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 சிறுவர்களும் அவர்களின் கால்பந்துப் பயிற்சியாளரும் வெள்ளத்தில் சிக்கினார்கள். ஜூலை 2-ம் தேதி அவர்களைக் கண்டுபிடித்தவர்கள் ரிச்சர்ட் ஸ்டான்டன், ஜான் வொலாந்தன் என்ற இரண்டு பிரிட்டிஷ் குகை டைவர்கள். இங்கே ஒரு சுவாரஸ்யம். பிரிட்டனின் குகை டைவர்கள் குழு 1946-ல் தொடங்கியது. அவர்கள் ஊர்க் குகைகள் குறுகல், சேறு, குளிர். பக்கத்தில் ஆள் இருந்தாலும் உதவ முடியாத இடுக்கு. அதனால் தனியாகப் போவதே பாதுகாப்பு என்பது அவர்கள் மரபு. ஃப்ளோரிடாவுக்கு நேர் எதிர்! அவர்களைக் கேட்டால், 'சரியான பார்ட்னர் இல்லையா? பார்ட்னரே வேண்டாம்' என்பார்கள்.

ஆனால் தாம் லுவாங்கில் தனி ஆள் போதாது. ஆஸ்திரேலியாவில் இருந்து மயக்க மருந்து நிபுணரான டாக்டர் ரிச்சர்ட் ஹாரிஸும் அவர் டைவிங் பார்ட்னர் கிரெய்க் சாலனும் வந்தார்கள். டென்மார்க், ஃபின்லாந்து, கனடாக்காரர்கள் சேர்ந்தார்கள். தாய்லாந்து கடற்படை வீரர்கள் இருந்தார்கள். மயக்கத்தில் இருந்த ஒவ்வொரு சிறுவனையும் ஒரு டைவர் சுமந்துகொண்டு வர, வழியில் இருந்த அறைகளில் மற்றவர்கள் காத்திருந்து கை கொடுத்தார்கள். ஜூலை 8 முதல் 10 வரை மூன்று நாட்களில் பதின்மூன்று பேரும் வெளியே! அதற்கு முன்னதாக, ஜூலை 6 அன்று, காற்று சிலிண்டர்களை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பும்போது முன்னாள் கடற்படை வீரர் சமன் குனன் உயிரைக் கொடுத்திருந்தார்.

அந்தக் கூட்டத்தில் எல்லோரும் எல்லோருக்கும் நண்பர்கள் இல்லை. பலர் அந்த மலையடிவாரத்தில்தான் முதன்முதலாகக் கை குலுக்கினார்கள். அவர்களைச் சேர்த்தது பழக்கம் இல்லை. ஒரே மாதிரி பழகிய கை. கயிற்றை எப்படிப் பிடிப்பது, முடியாது என்றால் எப்படிச் சொல்வது என்று ஒவ்வொருவரும் தன் ஊரிலேயே கற்றுக்கொண்டு வந்திருந்தார்கள். அதுதான் அவர்களின் சொந்தபந்தம்.

மீண்டும் அந்த விரல்

தூக்கிவிட்டீர்கள்.

தொப்பிக்காரர் திரும்பிப் பார்க்கிறார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அவர் கட்டை விரலும் மேலே. நீங்கள் முன்னால், அவர் கயிற்றைச் சுற்றிக்கொண்டு பின்னால். எதிர்த்து அறைந்த அதே தண்ணீர் இப்போது முதுகில் கை வைத்துத் தள்ளுகிறது. தூரத்தில் ஆரஞ்சு வெளிச்சம். அதைத் தாண்டி மரங்கள், டியூப் கும்பலின் பாட்டு, வெயில்.

மேஜைக்கு வந்து சிலிண்டரை இறக்குகிறீர்கள். "சாரி..." என்று ஆரம்பிக்கிறீர்கள். அவர் கையைக் காட்டி நிறுத்துகிறார்.

"காரணம் கேக்க மாட்டேன். நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு இங்கதான் இருப்பேன். தூங்கி எழுந்து வாங்க."

பார்ட்னர் கிடைச்சாச்சு!

கார்டும் கணக்கும் ஒத்திகையும் அவர் திறமையைத்தான் காட்டும். நீங்கள் 'வேண்டாம்' என்று சொன்ன பிறகு அவர் முகம் எப்படி இருக்கிறது என்பது, ஆளையே காட்டிவிடும். முகம் சுளிக்கிறவரோடு அடுத்த முறை போனால், விரலைத் தூக்க ஒரு நொடி தயங்குவீர்கள். அந்த ஒரு நொடியைத்தான் குகை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. இன்னொரு பக்கமும் உண்டு. நாளைக்கு அவர் விரலைத் தூக்கும்போது உங்கள் முகம் எப்படி இருக்கும்? உங்களை நம்பியும் ஒருவர் இறங்குகிறாரே!

நம்மில் முக்கால்வாசிப் பேர் ஆயுளில் ஒரு குகைக்குள்ளும் இறங்கப் போவதில்லை. இறங்கித்தான் ஆக வேண்டும் என்கிறவர்கள் தயவுசெய்து முறையான பயிற்சி முடிக்காமல் அந்த எலும்புக்கூடு போர்டைத் தாண்டாதீர்கள். ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு ஈ.சி.ஆரில் 'ஏறுடா, போலாம்' என்று பைக்கை முறுக்குகிறான் பாருங்கள் உயிர் நண்பன்... அங்கேயும் உங்களுக்கு ஒரு கட்டை விரல் இருக்கிறது. அதைப் பார்த்ததும் காரணம் கேட்காமல் வண்டியை ஓரம் கட்டுகிறவன் எவனோ...

அவன்தான் மச்சான்!